காயாத குல்லா

அந்தச் சிவப்புக் குல்லாவைத் துவைக்காமல் விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது என்று வள்ளியம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். துவைக்காமல் எப்படி விடுவதாம்? குழந்தையின் தலை நிறையப் பேன். பள்ளிக்கூடத்து மிஸ், அவள் அப்பா நாகேஷுக்கு போன் போட்டு, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கெல்லாம் பேன் ஏறுகிறது, குல்லாவைக் கழற்றச் சொன்னால் உங்கள் வீணா பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், நாளையிலிருந்து குல்லா இல்லாமல் அனுப்புங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாகேஷ் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். இரும்பைக் கடையச் சொன்னால் நூல் பிசகாமல் கடைவான். வீட்டு விஷயம் என்றால் மட்டும் கை நடுங்கும். போனை வைத்துவிட்டு, "நீயே பாத்துக்கோ தாரணி" என்றான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான்.

தாரணி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்துக்கொண்டு, கல்யாண வயது தாண்டிப் போச்சு என்று ஊரே கைகழுவிய பிறகு, மனைவியை இழந்த நாகேஷுக்கு வாக்கப்பட்டு ஸ்ரீராம்புரத்துக்கு வந்தாள். மாடியில் ஒரே அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மொட்டை மாடி. புருஷன் நல்லவன், வீடும் போதும். ஆனால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற வீணா அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. சித்தி என்று கூப்பிடச் சொல்லி நாத்தனார் வள்ளியம்மா எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் நடக்கவில்லை. தாகம் எடுத்தால் சுவரைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்பாள். தலையைத் தொடவே விடமாட்டாள். பின்னிவிடுவதற்கு அடுத்த சந்திலிருந்து வள்ளியம்மாதான் வரவேண்டும். அவளும் அவசர அவசரமாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போய்விடுவாள். தாரணிக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், இந்தப் பிள்ளை தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது நடக்காவிட்டால் தான் இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

குல்லாவைப் பின்னியது வீணாவைப் பெற்ற ராஜலக்ஷ்மி. சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷினோடு படுத்துக் கிடந்தபோது, சிவாஜிநகரில் வாங்கிய உல்லன் நூலை வைத்துக்கொண்டு பின்னியது. குழந்தைக்கு அப்போது மூன்று வயதோ என்னவோ. பின்னியதோ பெரிய பெண்ணுக்கு ஆகிற அளவு. ஏன் இவ்வளவு பெருசு என்று கேட்ட நர்ஸிடம், "வளந்தப்புறம் யார் பின்னித் தருவாங்க?" என்றாளாம். இந்த மார்கழிக் குளிருக்குத்தான் அது வீணாவின் தலைக்குச் சரியாக உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி, இறங்கவே இல்லை. சாப்பிடும்போதும் குல்லா, தூங்கும்போதும் குல்லா.

அதைக் காது மூட இழுத்து விட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவாள். தாரணி சமையல்கட்டிலிருந்து கேட்டிருக்கிறாள். வீணா ஏதோ கேட்பாள், பிறகு சும்மா இருப்பாள், பிறகு பதில் கிடைத்தவள் மாதிரி சிரிப்பாள். பிள்ளைகள் தனியாகப் பேசுவது வழக்கந்தானே என்று தாரணி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு நாள் சாதத்தை வடித்துக்கொண்டிருக்கும்போது, வீணா சும்மா இருந்த அந்த நேரத்தில், அவள் காதிலும் ஏதோ விழுந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது, யாரோ பேச வாயெடுத்து மூச்சு இழுத்த மாதிரி. கையில் கஞ்சி கொட்டிக்கொண்டாள்.

துவைக்க முதலில் அவளுக்குத் துணிவு வரவில்லை. வெந்நீரில் போட்டால் பேன் சாகும், ஆனால் உல்லன் சுருங்கிப் பொம்மைக் குல்லாவாகிவிடும். கார்மெண்ட்ஸில் இருந்தவளுக்கு அது தெரியும். ப்ளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீஸருக்குள் போட்டுவைத்தால் பேனும் ஈரும் செத்துவிடும், நூலுக்கும் ஒன்றும் ஆகாது என்று போனில் ஒரு வீடியோவில் சொன்னார்கள். நல்ல யோசனைதான் என்று, வீணா குளிக்கப் போன நேரம் பார்த்து, கட்டிலில் கிடந்த குல்லாவை எடுத்து ஐஸ் கட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஈரத் தலையோடு வந்த குழந்தை வீட்டையே புரட்டிப் போட்டது. கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்து, மேல் கதவையும் திறந்து, உறைபனி பூத்த கவருக்குள் சிவப்பைப் பார்த்தது.

"ஐஸ் பெட்டியில வெச்சிட்டாங்க! அப்பா, மறுபடியும் அம்மாவ ஐஸ் பெட்டியில வெச்சிட்டாங்க!"

அந்த அலறலில் கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்துவிட்டார்கள். நாகேஷ் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ராஜலக்ஷ்மியின் உடம்பு வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியில் ஒரு நாள் முழுக்க நடுவீட்டில் கிடந்தது. கண்ணாடிக்கு மேலே முகத்தை வைத்து, "அம்மாவுக்குக் குளிரும்" என்று அந்தச் சின்ன வயதில் வீணா சொன்னதை அவன் மறந்திருந்தான். அடக் கடவுளே, இதை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று தாரணிக்கு வயிறு எரிந்தது. சொல்லாமல் விட்டுவிட்டு அவளைக் கொலைகாரி மாதிரி பார்க்கிறார்களே!

மறுநாள் மிஸ்ஸுக்குப் பயந்து வீணா குல்லாவைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். "இவங்ககிட்ட கொடுக்காதீங்க" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனாள். பட்டறைக்கு எடுத்துப் போனால் கிரீஸ் ஆகிவிடும் என்று நாகேஷ் அதை இவள் கையில்தான் வைத்தான். "ஜாக்கிரத, தாரணி. இது போச்சுன்னா அவ்ளோதான்" என்றான். அவன் சொல்லவே வேண்டாம், அவளுக்குத் தெரியும். குல்லா கெட்டால் பிள்ளை இந்த ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்காது. துவைக்காமல் வைத்தாலோ அத்தனை ஈரும் திரும்ப அதே தலைக்கு.

பிளாஸ்டிக் டப்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகள் ஷாம்பூ இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி, குல்லாவை மெதுவாக உள்ளே இறக்கினாள். தேய்க்கவில்லை, கசக்கவில்லை, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட்டாள். தண்ணீர் சிவந்தது. சாயம் போகிறதே என்று நெஞ்சு பதறியது. நல்லவேளை, இரண்டாவது அலசலில் தெளிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாடையும் டெட்டால் வாடையும் ஒன்றாக எழுந்து முகத்தில் அடித்தன. ஈர்களைச் சீப்பால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தாள். பிழியக்கூடாது என்று துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி நின்று ஈரத்தை எடுத்தாள். அத்தனையும் சரியாகத்தான் செய்தாள்.

கொடியில் தொங்கவிட்டால் உல்லன் இழுபட்டு நீண்டுவிடும். தலை மாதிரி உருண்டையான ஒன்றின் மேல் மாட்டித்தான் காயவைக்க வேண்டும். வீடியோக்காரம்மா பலூனில் மாட்டினாள். மொட்டை மாடிக் காற்றில் பலூனாவது ஒன்றாவது! குடம் பெரிது, டம்ளர் சிறிது. பரணில் ஏறித் துழாவியபோது, அண்டாவுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த ஒரு செப்புச் செம்பு கையில் பட்டது. அடுப்பு காணாத புதுச் செம்பு, உருண்டையும் அளவும் சொல்லி வைத்த மாதிரி. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். காற்றில் உருளாமல் இருக்க வாய்மட்டும் தண்ணீர் நிரப்பினாள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்து, வாயை ஒரு தட்டால் மூடி, அதன்மேல் குல்லாவை மாட்டிச் சுற்றிலும் நீவிவிட்டாள். பறந்துவிடக் கூடாதே என்று கழுத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினாள். எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ராஜலக்ஷ்மியக்கா, வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்றாள். "உங்க பிள்ள வர்றதுக்குள்ள காஞ்சிருங்க. எம் மானத்தக் காப்பாத்துங்கக்கா."

யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்த பேச்சு அது. பின்னால் வள்ளியம்மா நடுங்கியதும் இந்தப் பேச்சுக்குத்தான்.

சாயங்காலம் வீணா புத்தகப் பையோடு நேராக மாடிக்கு ஓடினாள். தாரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். கத்தப்போகிறாள், கீழ்வீடு மறுபடி ஏறி வரப்போகிறது என்று நினைத்தாள். குழந்தை கத்தவில்லை. தொட்டிக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா வந்துட்டாங்க" என்றது, பால்காரர் வந்துட்டார் என்று சொல்கிற குரலில்.

வெயில் நன்றாகத்தான் அடித்தது. அடுத்த வீட்டுக் கொடியில் போட்ட ஜமக்காளமே காய்ந்துவிட்டது. குல்லா மட்டும் காயவில்லை. மறுநாளும் காயவில்லை. தொட்டால் ஈரம், அந்த ஈரமும் சில்லென்று இல்லாமல் வெதுவெதுப்பாக, உள்ளே ஒரு தலை இருப்பது போல இருந்தது. தாரணி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். உல்லன் என்றால் உள்ளே சூடு தங்கத்தானே செய்யும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். விரலால் தட்டிப் பார்த்தால் செம்பில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது தெரிந்தது. கழுத்து முடிச்சை அவள் தெருப் பக்கம் பார்க்கத்தான் போட்டிருந்தாள். இப்போது முடிச்சு படிக்கட்டுப் பக்கம், வீட்டைப் பார்த்து இருந்தது. எடுத்துவிடலாமா என்றால் குழந்தை தொடவிடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது.

வடகம் காயப்போட இடம் தேடி மாடிக்கு வந்த வள்ளியம்மா அதைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவி வடகமெல்லாம் சிதறியது.

"அய்யய்யோ, இன்னாடி பண்ணி வெச்சிருக்க? அந்தச் செம்ப யாரு எடுக்கச் சொன்னது?"

"குல்லா காய வச்சேன் மதினி. பரண்ல சும்மாதான கெடந்துச்சு?"

"சும்மாவா? அது அவளோட செம்புடி! தண்ணி ரொப்பினியா? பேர் சொல்லிக் கூப்ட்டியா?"

தாரணியின் முகமே சொல்லிவிட்டது. வள்ளியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து இங்கே வேர்விட்ட குடும்பம். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண் அந்தக் குடும்பத்துக்குப் பூவாடைக்காரி ஆகிவிடுவாள், அவளைக் கேட்காமல் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்யக் கூடாது. செம்பைத் துலக்கி, தண்ணீர் நிறைத்து, அதன் தலையில் துணி சுற்றிப் பூ வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டால் அந்தச் செம்பு செம்பில்லை, அவள்தான். தம்பி இரண்டாம் கல்யாணம் செய்யும் முன்னால் ராஜலக்ஷ்மியிடம் உத்தரவு கேட்கத்தான் வள்ளியம்மா அந்தச் செம்பை வாங்கிவைத்தாள். நாகேஷ்தான் ஒரே பிடியாக மறுத்துவிட்டான். "அவ சாமி இல்ல, எம் பொண்டாட்டி. செம்புல கட்டிவெச்சுக் கும்பிட மாட்டேன்" என்று கத்தினானாம். செம்பு பரணுக்குப் போயிற்று, உத்தரவு இல்லாமலே தாரணி வீட்டுக்குள் வந்தாள். அருப்புக்கோட்டைக்காரிக்கு இந்த வழக்கம் தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை.

"கூப்ட்டா வந்துருவாங்களா மதினி?" என்று கேட்கும்போதே தாரணியின் கண் தொட்டிமேல் போயிற்று.

"வந்துட்டாளேடி, பாக்கலியா? ஊருல ஆயிரம் பேரு இருக்க, நீயா கூப்டணும்? கூப்ட்டாச்சு, இனிமே உத்தரவு கேட்டுத்தான் ஆவணும். குடுத்தா நீ இந்த வீட்டுல இரு. குடுக்கலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குச் செம்பை எடுத்து வந்து நடுவீட்டில் மனைப்பலகையில் வைத்தார்கள். குல்லாவை யாரும் கழற்றவில்லை. அதன் உச்சியில் வள்ளியம்மா ஒரு வெள்ளைச் சாமந்தியை வைத்தாள். கேட்கிற உத்தரவு கிடைத்தால் பூ தானாகக் கீழே விழும். எதிரே வாழை இலையில் ராஜலக்ஷ்மிக்குப் பிடித்த பொங்கலும் வடையும். நாகேஷ் இந்த முறை மறுக்கவில்லை. மூலையில் நின்றுகொண்டு குல்லாவையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. வீணா ஒரு கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டு, மறுகையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"கேளுடி" என்றாள் வள்ளியம்மா.

தாரணி மண்டியிட்டாள். "அக்கா, நான் உங்க எடத்தப் புடுங்க வரல. உங்க பிள்ளைய வளக்கத்தான் வந்தேன். என்னைய இருக்க விடுங்க" என்றாள்.

பூ விழவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது, இன்னொன்று ஏற்றினார்கள், அதுவும் அணைந்தது. வள்ளியம்மா குலவையிட்டாள், வேப்பிலையை ஆட்டினாள், தன்மேலாவது வந்து சொல்லட்டும் என்று கண்ணை மூடி ஆடிக்கூடப் பார்த்தாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் பம்பை அடிக்கே அருள் வருகிறவள் அவள். இன்று வெறும் வியர்வைதான் வந்தது. ஈரக் குல்லாவின் மேல் சாமந்தி ஒட்டிவைத்தது போல அசையாமல் இருந்தது.

"சாக்கு, சாக்கு" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, வள்ளியம்மா கையை உதறினாள். "குடுக்க மாட்டேங்கறா. ஆடி வரைக்கும் நீ உங்க அம்மா வூட்ல போய் இரு தாரணி. அப்புறம் பம்பைக்காரங்கள வெச்சு மொறையா கேக்கலாம். வந்தவ இங்க இருக்கசொல்ல நீயும் இருந்தா, புள்ளைக்கி ஆவாது."

தாரணி நாகேஷைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அட ஆம்பளையே! அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவள் மேல் கோபம், இருக்கிறவர்கள் மேல் கோபம், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எதுவும் சரியாகாத தன் தலையெழுத்தின் மேல் கோபம். எழுந்து போய்ப் பையை இழுத்துப் போட்டு, கையில் அகப்பட்ட புடவைகளைத் திணித்தாள். யாரும் தடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், குழந்தையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

வீணா இரண்டு கையாலும் தலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். நகத்தில் ரத்தம். காதுக்குப் பின்னால் புண்ணாகி, முடி சிக்கில் ஒட்டிக்கிடந்தது. குல்லாவை அலசி, அமுக்கி, சீவி, காயவைத்து, அதற்காக இத்தனை பாடுபட்ட வீட்டில், அந்தத் தலையை ஒருத்தரும் பார்க்கவில்லை. தானும் பார்க்கவில்லை என்பது தாரணிக்குச் சுருக்கென்று தைத்தது. தொட விடமாட்டாள் என்று பயந்து பயந்தே தொடாமல் இருந்துவிட்டாள்.

பை கீழே விழுந்தது. "போறதுன்னா நாளைக்குப் போறேன்" என்றாள் யாரையும் பார்க்காமல். "இந்தத் தலைய இப்பிடியே விட்டுட்டு நான் போகமாட்டேன். யாரு வேணா என்ன வேணா சொல்லுங்க. இங்க வாடி!"

வேப்பெண்ணெயையும் ஈர்வலிச் சீப்பையும் எடுத்துக்கொண்டு அங்கேயே, செம்புக்கு எதிரிலேயே, காலை நீட்டி உட்கார்ந்தாள். குழந்தை அப்பாவைப் பார்த்தது, செம்பைப் பார்த்தது, கொஞ்ச நேரம் எதையோ கேட்பவள் மாதிரி நின்றது. பிறகு வந்து, முதுகைக் காட்டி, தாரணியின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தது.

தாரணி இடது பக்கம் ஆரம்பித்தாள். எண்ணெய் தடவி, சிக்கை விரலால் பிரித்து, சீப்பை வைத்து மெல்ல இழுத்தாள். ஒரு சிக்குக்கே வெகுநேரம் பிடித்தது. வள்ளியம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இலையைச் சுருட்டினாள். அறையில் சீப்பின் சத்தம்தான் கேட்டது.

"மெதுவா" என்றாள் வீணா.

"சரிடா கண்ணு."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுக்காதீங்க. வலிக்குது."

தாரணியின் கை நின்றது. அவளிடம் இருந்தது ஒரே சீப்பு, அது இடது காதுக்கு மேலே முடிக்குள் இருந்தது. வலது பக்கத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. அந்தப் பக்கத்து முடி உச்சியிலிருந்து கழுத்து வரைக்கும், ஒரு சிக்கில்லாமல், எண்ணெய் வைத்து வாரி வழித்துவிட்டது போலப் படிந்து கிடந்தது. வள்ளியம்மாவும் பார்த்துவிட்டாள். சுருட்டிய இலை கையிலேயே இருக்க, சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ராஜீ" என்று நாகேஷின் வாயிலிருந்து காற்றாக ஒரு சத்தம் வந்தது.

பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் தாரணி முழங்கால்களை விலக்கவில்லை, பிள்ளையை எழுப்பவில்லை. சீப்பிலிருந்த பேனை நகத்தில் வைத்து நசுக்கினாள். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஒருத்தியிடம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அந்தப் பக்கம் நீங்க பாருங்கக்கா. இந்தப் பக்கம் நான் பாத்துக்கிறேன்."